ஐம்பத்து மூன்றாம் முறை

துப்பாக்கிக் குதிரையைப் பிடித்து நிறுத்தும் பல் அது.
சுண்டுவிரல் நகத்தில் பாதி.
சமையல் மேசையில், நேற்றைய செய்தித்தாள் மேல்
எண்ணெய் துடைத்து வைத்திருக்கிறேன்.
விளக்கைச் சாய்த்தால் தெரிகிறது:
விளிம்பு மழுங்கி,
சப்பிவிட்டுத் துப்பிய மிட்டாய் மாதிரி.

போன சனிக்கிழமை, பன்றிகள் கரும்புக்குள் புகுந்த இரவு,
போல்ட்டைத் தள்ளிப் பூட்டினேன், அவ்வளவுதான்.
விரல் விசைப்பக்கமே போகவில்லை.
வெடித்தது.
பெக்கானியின் வலது காலுக்கு இரண்டடி தள்ளி
கறையான் புற்றொன்று தலையில்லாமல் நின்றது.
அவன் முதலில் நாய்களை எண்ணினான். மூன்றும் இருந்தன.
பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தான்.
"இன்றைக்குப் போதும், சிஸி" என்றான்.
சிஸி என்றால் அவன் மொழியில் அக்கா.

டார்னல் சர்க்கரை ஆலையில் நான் ஃபிட்டர்,
பத்தொன்பது வருஷமாக.
ராத்திரி இரண்டு மணிக்குப் பற்சக்கரம் மாற்றி
விடியுமுன் புகைபோக்கியைப் புகைய வைத்தவள்.
என்னிடம் அரம் இருக்கிறது, எண்ணெய்க்கல் இருக்கிறது,
மயிரிழைத் தேய்மானத்தை விரல்நுனியில் சொல்லும்
கர்வமும் இருக்கிறது.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஃபான் ரூயன்
ஆறு வாரம் ஆகும் என்கிறார்.
ஆறு வாரத்தில் பன்றிகள் மேல்வயலை முடித்துவிட்டு
மடும்பிக் கிழங்குப் பாத்திக்கு வந்திருக்கும்.

தயாளன் டீ ஆற்றிக்கொண்டே சொன்னான்:
"பல் பிடுங்க மட்டும் ஸ்டேங்கர் வரைக்கும் போகிறாய்."
அந்தப் பல்லும் இந்தப் பல்லும் ஒன்றா என்றேன்.
அவன் இன்னும் கொஞ்சம் ஆற்றினான்.

அரம்.
ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில்
இடையின ர வரவேண்டிய இடத்தில் வல்லின ற போட்டு
குட்டு வாங்கிய சொல்.
இந்த மேசையில் இப்போது
அன்றைய பிழை பிழையாகத் தெரியவில்லை.
இருந்தும் எடுத்தேன்.

மூன்று இழுப்பு. நான்காவது வேண்டாம் என்றது கை.
விளிம்பு திரும்பி வந்தது;
விளக்கு ஒரு பொட்டாக அதில் நின்றது.
பொருத்தினேன். குண்டில்லை என்று மூன்று தடவை பார்த்தேன்.
போல்ட்டை அறைந்து மூடினேன், நின்றது.
பின்கட்டையை மிதியடிமேல் தட்டினேன், நின்றது.
பத்து. இருபது. நாற்பது.
தயாளன் எண்ணிக்கொண்டே வெங்காயம் நறுக்கினான்.
ஐம்பதில் கத்தியோடு சலாம் வைத்தான்.
ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு.

ஐம்பத்து மூன்றில்
டிக்.

சின்னச் சத்தம்தான்,
பல்லிகூட இதைவிட உரக்கச் சொல்லும்.
கத்தி வெங்காயத்தின் பாதியில் நின்றது.

உலையில் காய்ச்சி இறுக்கிய இரும்புக்குத்
தோல் மெல்லிசு, அடியில் வெண்ணெய்.
அந்தத் தோலைத்தான் தீட்டியிருக்கிறேன்.
அரத்தை எடுக்கும்போதே தெரியும் எனக்கு.
தெரிந்தும் எடுத்தது எந்த விரல் என்று
பத்தையும் விரித்துப் பார்க்கிறேன்.

ஆலையில் ஒன்று நழுவினால் சங்கு ஊதும்,
பெல்ட் நிற்கும், சிவப்பு அட்டை மாட்ட ஆள் உண்டு.
கரும்புக்குள் அதெல்லாம் கிடையாது.
பெக்கானியின் முதுகு இருக்கிறது, எனக்கு முன்னால்,
நீலச் சட்டையில், வழி காட்டிக்கொண்டு.

பல்லைக் கழற்றி மாத்திரை டப்பாவில் போட்டு
மூடியில் எழுதினேன்: நான் தீட்டியது. போடாதே.
ஃபான் ரூயனுக்குத் தமிழ் தெரியாது.
அதன் கீழே ஆங்கிலத்தில் இன்னொரு தடவை,
பேனாவை அழுத்தி.
எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பெக்கானிக்குப் போன் போட்டு ஆறு வாரம் என்றேன்.
அவன் பக்கம் நாய்கள் குரைத்தன.
"பாரஃபின் டின் இரண்டு இருக்கிறது" என்றான்,
"தட்டலாம். உனக்குத் தூக்கம் வராதுதானே?"

மேல்வயலில் ஏதோ முறிகிறது.
துப்பாக்கி இரும்புப் பெட்டியில், பொக்கை வாயோடு.
டார்ச்சுக்கு பேட்டரி தேடுகிறேன்.