அடுத்தது

ஜமீல் கேமராவை ரொம்ப நெருக்கி வைத்துவிட்டான்.
ஒன்றேகால் மணி நேரமும்
மெர்லின் தவமணியின் முகம், தோள்,
மைக்கின் கறுப்புத் தலை.
திரை இருந்த பக்கம் ஒரு ஜன்னல் விளிம்பு மட்டும்.
அதில் பனி வருகிறது, போகிறது.
ஏற்காட்டில் அதற்கு வேறு வேலையில்லை.

ஸ்லைடுகள் தனியே மின்னஞ்சலில் வந்தன.
ஐம்பத்திரண்டு.
எது எப்போது மாறியது என்று ஒரு குறிப்பும் இல்லை.
காபித் தண்டுத் துளைப்பான் பற்றிய பேச்சு,
தோட்டக்காரர்கள் நாற்பது பேர்,
ஒரு டம்ளர்.

டம்ளரைச் சொல்ல வேண்டும்.
கிளாப் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை.
மூன்றாம் வரிசையில் யாரோ கைதவறவிட்ட எவர்சில்வர்
கேமராவின் காதிலும் ரெக்கார்டரின் காதிலும்
ஒரே நொடியில் விழுந்திருந்தது.
அலைவரியில் இரண்டு ஊசிமுனைகள்.
ஒன்றின் மேல் ஒன்றை வைத்தேன்,
குரல் உதட்டுக்கு வந்து சேர்ந்தது.
அப்புறமும் கடைசிவரை துளித்துளியாக நழுவிக்கொண்டுதான் இருந்தது.
இரண்டு கடிகாரங்கள் என்றால் அப்படித்தான்.

இனி ஸ்லைடு.
சில இடங்களில் 'அடுத்தது' என்கிறார், புண்ணியவதி.
சில இடங்களில் ரிமோட்டின் டிக்.
என் அறையோ செவ்வாய்ப்பேட்டையில்,
கீழே கொலுசுப் பட்டறை.
ஹெட்போனைப் போட்டாலும் டிக், கழற்றினாலும் டிக்.
எட்டாவது ஸ்லைடை
கீழே யாரோ முத்து தட்டிய சுத்தியலுக்கு மாற்றிவிட்டு
வெகுநேரம் கவனிக்காமல் இருந்தேன்:
அவர் வண்டின் மீசையைப் பற்றிப் பேசுகிறார்,
திரையில் உர விலை.

பிறகுதான் மூக்குக்கண்ணாடி.
வெள்ளைப் பின்னணி என்றால்
அதில் இரண்டு பால் சதுரங்கள்.
சில்வர் ஓக் நிழல் என்றால் பச்சை.
பிடுங்கி எரித்த செடிகள் வந்தபோது
கன்னத்தில்கூட ஆரஞ்சு.
காதை விட்டேன், கண்ணைப் பிடித்தேன்.
பனி அறைக்குள்ளேயே நுழைந்த ஒரு நிமிடம்
கண்ணாடி மங்கிவிட்டது;
பதினேழையும் பதினெட்டையும் ஊகித்துப் போட்டேன்.
மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில்
எண் பலகைகள் வருமே, அப்படி
ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தேன்.
இருபது வரை அந்த உவமை தாங்கியது.

முப்பத்தொன்றில் நின்றேன்.

கோப்பில் அது ஓர் ஆள்.
காபிச் செடிக்குப் பக்கத்தில்,
கையில் அளவு டேப், சட்டைப்பையில் பேனா,
படமெடுத்தவர் ஏதோ சொல்ல
சிரிப்பை அடக்கிக்கொண்டு.
தலைப்பு இல்லை, தேதி இல்லை.

பேச்சில் அது ஒன்பது நொடி.
'அடுத்தது' இல்லை.
தண்ணீர் பாட்டிலை எடுக்கிறார்,
குடிக்காமல் வைக்கிறார்.
இரண்டு கண்ணாடியிலும் பச்சை.
நானூறு சதவீதம் பெரிதாக்கினால்
அந்தப் பச்சையில் செங்குத்தாக ஒரு கோடு:
இடம் வலமாகி அவர் நிற்கிறார்.

மறுநாள் மெயில்.
'முப்பத்தொன்றை எடுத்துவிடுங்கள்.
பழைய ஃபைலிலிருந்து தவறி வந்திருக்கிறது.'

ஸ்லைடை எடுப்பது சுலபம்.
ஒன்பது நொடியை என்ன செய்ய?
வெட்டினால் மேசையில் இருந்த கை
சட்டென்று காற்றில் இருக்கிறது.
கறுப்பாக விட்டால் கரண்ட் போச்சு என்பார்கள்.
முப்பதாவதையே இழுத்து நீட்டினேன்.
பத்து வருட மழையளவு, நீலக் கம்பங்கள்,
கடைசிக் கம்பம் குட்டை.

பார்க்கிறவர்களுக்கு இனி,
மழைக் கணக்கின் முன்னால்
ஒரு பெண் பேச்சை மறந்து நின்றாள்.
மலையில் தோட்டம் வைத்திருக்கிறவர்கள்
அதை நம்புவார்கள்.

மூலையில் சின்னச் சதுரத்துக்குள் அவர் முகம்,
நீலத்தைப் பார்க்கும் கண்ணாடியில் பச்சை.
அதை நான் தொடவில்லை.
தொடச் சொல்லி மெயிலும் இல்லை.

கீழே பட்டறை ஷட்டரை இறக்கினார்கள்.
அறுபத்தெட்டு சதவீதத்தில் கோப்பு
நிற்கிற மாதிரி நகர்ந்தது.
பில்லில் ஐம்பத்தொன்று என்று எழுதினேன்.
ஜமீல் எட்டிப் பார்த்து
'ஒண்ணு குறையுதே' என்றான்.