ஒரு நூல் எச்சு

மாடியில் சென்னியப்பனை விட்டுவிட்டார்கள்.
போன ஆடியில், மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில்.
டெம்போ டிரைவர் போலீசிடம் நாற்பது மூட்டை என்றிருந்தான்,
கூண்டில் ஏறி நாற்பத்து மூன்று என்றான்.
சந்தேகத்தின் பலன் எதிரிக்கு.
பட்டாசு வாங்க மச்சினனை அனுப்பினான்.
காரணம்பேட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

கீழே, அதே கட்டடம், அதே வெற்றிலைக் கறைப் படிக்கட்டு,
முன்சீப் கோர்ட்டில் என் பிராது இன்னும் உயிரோடிருந்தது.
"மேல தோத்தது கீழ எப்படிங்க ஜெயிக்கும்?"
வக்கீல் பொங்கியண்ணன் கண்ணாடியைத் துடைத்தார்.
"மேல ஒரு ஆளை உள்ள தள்ளோணும்.
நியாயமான சந்தேகம் ஒண்ணு இருந்தாக்கூட தள்ளப்படாது.
இங்க கேக்கறது பணம்.
அவன் சொல்றது, நீங்க சொல்றது,
ரெண்டுல எது நடந்திருக்கும்னு பாப்பாங்க.
ஒரு நூல் எச்சா இருந்தாப் போதும் அம்மிணி."

இங்கேயும் நூல்தானா என்று சிரிப்பு வந்தது.
கோன் நூலைக் கையில் தொட்டே
முப்பதா நாற்பதா என்று சொல்லிவிடுவேன்.
ஆசாரி சொல்லும் நூல் வேறு, அதுவும் தெரியும்:
இஞ்சில் எட்டில் ஒன்று.
கதவு சாத்துவதும் சாத்தாததும் அதில் இருக்கிறது.

டவாலி மூன்று முறை கூப்பிட்டான்.
மயிலாத்தாள், மயிலாத்தாள், மயிலாத்தாள்.
என் கையில் என்ன இருந்தது?
ஒரு கேட்பாஸ் கட்டை, மழையில் ஊறிய கையெழுத்து.
"சரக்கு வந்துச்சுங்க" என்று ஒரு வாட்ஸ்அப்.
எத்தனை என்று அதில் இல்லை.
பத்து மூட்டைதான் வந்தது என்று அவன் சாதித்தான்.
பிறகு, மின்வாரியத்தில் கேட்டு வாங்கிய ரீடிங்:
பன்னிரண்டு தறி, அந்த ரெண்டு மாதம்,
முந்தியதைப்போல் இரண்டு பங்கு யூனிட்.
"பத்து மூட்டைக்கா இத்தனை கரண்ட்டு?"
சென்னியப்பன் தண்ணீர் கேட்டான்.
"வேற பார்ட்டி நூலும் ஓடுச்சுங்க."
"பில்லு?"
ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்.

நாற்பத்து மூன்று மூட்டைக்கும் டிகிரி.
வட்டியோடு, செலவுத் தொகையோடு.
நகலை வாங்கி
பல்லடம் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் உட்கார்ந்து படித்தேன்.
பக்கம் ஒன்பது:
வாதி கூறுவதே நடந்திருக்க வாய்ப்பு மிகுதி.
வாதி சொன்னது உண்மை என்று
எங்காவது எழுதியிருக்குமா என்று தேடினேன்.
பதினாலு பக்கம். மறுபடி முதலிலிருந்து.
நாலு வருஷம், முப்பத்தாறு வாய்தா,
அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வந்தேனோ என்னவோ.
டீ ஆடை கட்டிவிட்டது.
முன் மேசையில் சென்னியப்பன்
மிக்சரை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
நான் பார்க்கவில்லை. அவனும்.

அன்றைக்கு ராத்திரி லோடு ஏற்றும்போது கரண்ட் போனது.
முப்பத்தெட்டு வரை நான் எண்ணினேன்.
அப்புறம் செல்போன் வெளிச்சத்தில்
ஏற்றுகிறவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.
குறுக்கு விசாரணையில் யாரும் இதைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
சொல்லியிருக்கவே வாய்ப்பு எச்சு.

நகலை மடித்துப் பையில் வைத்தபோது
முன் மேசை காலியாக இருந்தது.
கல்லாவில் பணத்தை நீட்டினேன்.
பையன் வாங்கவில்லை.
"முன்னாடி உக்காந்திருந்தவரு குடுத்துட்டாருங்க்கா."