பதினேழாம் மேசை

பிரான்புரித் தொழிற்சாலையில்
பதினேழாம் மேசை என்னுடையது.
தோல் சீவிய அன்னாசி வரும்,
கண் தோண்டி அனுப்புவேன்.
ஒரு பழத்துக்கு எத்தனை கண் என்று
முதல் வாரம் எண்ணினேன்.
பிறகு இல்லை.

கையுறை கிழிந்தால்
அடுத்தது மறுநாள்தான்.

மூன்றாம் ஆண்டு
அனுமதி அட்டை புதுப்பிக்கப் போனேன்.
கண்ணாடியில் விரல் வைத்தேன்.
அழுத்து என்றார்.
துடைத்துவிட்டு வை என்றார்.
பத்து விரலிலும்
ஒரு சுழி இல்லை, ஒரு வரி இல்லை.
மி கொன் தாவ் என்றொருத்தி
இருப்பதற்கு
எந்திரத்திடம் சாட்சி இல்லை.

சாறு தின்றுவிட்டது என்றேன்.
பழம் ஆளைத் தின்னுமா என்று சிரித்தார்.

தின்னும்.
முரட்டு மாமிசத்தைப் பஞ்சாக்கும்.
நாக்கு அரிக்கையில் உங்களுக்கும் தெரியும்,
உப்பைத் தூவி மறந்துவிடுவீர்கள்.
டப்பாவில் மட்டும் அது இருக்காது.
மூடி அடைத்துக்
கொதியாவியில் வேகவைத்தால்
இனிப்புதான் பிழைக்கும்.

அந்த ஆவிதான்
குழாய் மூட்டு கழன்று
லாவியின் முன்கையில் பாய்ந்தது.
அவனுக்கும் எனக்கும்
பதினொரு நாளாய்ப் பேச்சில்லை,
மின்விசிறி விற்ற தகராறு.

மருத்துவமனையில்
எங்கள் பாஷை யாருக்கும் வராது.
செவிலி ரட்சனீ
அன்னாசிச் செடி ஒன்று வரைந்தாள்.
பழத்தை அடித்தாள்.
தண்டை வட்டமிட்டாள்,
மாட்டுக்குக்கூடச் சிரமப்பட்டுப் போடுகிற தண்டை.
அதன் பொடியைக் கூழாய்க் குழைத்து
கருகிய தோலில் அப்பினார்கள்.
நான்கு விரல் காட்டினாள்:
நான்கு மணி நேரம்.

எனக்கு வயிறு கலங்கியது.
அதற்கு எங்கே நிற்பதென்று தெரியுமா?
என் கத்திக்குத் தெரியாது,
கண்ணோடு நல்ல சதையும் போகும்,
மேற்பார்வையாளர் கத்துவார்.

நான்கு மணி கழித்து வழித்தாள்.
செத்ததெல்லாம் சேறாய் வந்தது.
அடியில் சிவப்பு,
ஊசிமுனை ஊசிமுனையாய் ரத்தம்.
ரட்சனீயின் முகத்தைப் பார்த்துத்தான்
ரத்தம் நல்ல சேதி என்று புரிந்தது.

மயக்கம் தெளிந்த லாவி கேட்டான்,
"இந்த வார்டில் மின்விசிறி இருக்கிறதே,
யாருடையது?"
பதில் சொல்லவில்லை.
தலையணையைத் திருப்பிப் போட்டேன்.

இருபத்தாறு நாள் மேசைக்குப் போகவில்லை.
சம்பளம் வெட்டினார்கள்.
ஒரு மதியம் அவன் கட்டைப் பிரிக்கையில்
துணியின் இழை
என் விரல்நுனியில் மாட்டிச் சொரசொரத்தது.
விளக்கடியில் பார்த்தேன்:
சுழி,
தேய்ந்த நாணயத்தில் தலை தெரிவதுபோல்.

அட்டை அலுவலகத்தில்
எந்திரம் பச்சை காட்டியது.
மறுநாள் காலை ஆறு மணி,
பதினேழாம் மேசை.
கையுறையில்
ஏற்கெனவே ஒரு கிழிசல்.