மூன்றாம் வார்டுப் பேரேடு

படுக்கை பதினொன்று. கோதண்டபாணி, அறுபத்தெட்டு.
காலையிலிருந்து கஞ்சி இருநூறு மில்லி,
கையில் ஏறியது ஐந்நூறு,
மகன் திருட்டுத்தனமாக வாங்கித் தந்த டீ எண்பது
(கேட்டதும் ஒப்புக்கொண்டார்).
பையில் இறங்கிய மூத்திரம் நூற்றுத் தொண்ணூறு.
கூட்டிப் பார்க்கிறேன்.
இடிக்கிறது.

பி.காம். மூன்று வருடம்,
அதற்கப்புறம் கடலூர் துறைமுகத்தில்
ஐஸ் கம்பெனிக் கணக்கு இரண்டு வருடம்.
வரவும் செலவும் ஒட்டாத ராத்திரிகளில்
முதலாளி மின்விசிறியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவார்.
அங்கே இடித்தால் பணம்.
இங்கே கால் வீங்குகிறது ஒருவருக்கு.
ஓடிப்போய் சிஸ்டரிடம் சொல்கிறேன்.

பட்டம் முடித்தவர்கள் நர்சிங்குக்கு மாற உதவித்தொகை.
வீட்டின் முதல் பட்டதாரிக்கு முன்னுரிமை.
சாதிச் சான்றிதழ் கட்டாயம்.
இருளர் என்று நிரூபிக்க ஒன்பது முறை
சிதம்பரம் கோட்டாட்சியர் அலுவலகப் படி ஏறினேன்.
இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிறாயே, நீயா, என்றார் ஒருவர்.
பாம்பு பிடிக்கத் தெரியுமா, இன்னொருவர்.
தெரியாது சார்.
பேலன்ஸ் ஷீட் போடத் தெரியும்.

நேர்காணலில் கேட்டார்கள்: ஏன் இந்தத் துறை?
அண்ணி பிரசவத்துக்கு வந்தபோது
கட்டில் காலியாக இருந்தும்
வராந்தாவில் பாய் விரிக்கச் சொன்னதைச் சொல்லவில்லை.
சேவை, என்றேன்.
நால்வரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

கட்டணம், விடுதி, இரண்டு செட் யூனிஃபார்ம்,
ஒரு ஜோடி வெள்ளை ஷூ, எல்லாம் கடிதத்தில் இருந்தன.
மாதாமாதம் நான் அம்மாவிடம் கொடுத்த நாலாயிரம்
எந்தத் தலைப்பிலும் வரவில்லை.
அந்தக் கட்டம் இன்றுவரை காலி.
மறுபடியும் மொதல்லேருந்தா, என்று மட்டும் கேட்டாள் அம்மா.
மறுநாள் வழக்கத்தைவிட சீக்கிரமாகத் தண்ணியில் இறங்கினாள்.

வகுப்பில் எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது.
எனக்கு இருபத்தைந்து.
அக்கா, அக்கா என்று
எலும்புக்கூட்டின் பெயர்களை என்னிடம் ஒப்பிப்பார்கள்.
ஊரெல்லாம் நரம்பு என்பதைப் புத்தகம் சிரை என்கிறது.

இரவு ஒன்பது மணி. டாக்டர் எழுதிய மருந்து ஏற
சிரை வேண்டும், பழைய ஊசி அடைத்துக்கொண்டது.
வீங்கிய கை, பச்சைக்கோடு ஒன்றுகூட இல்லை.
டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று.
இரண்டு பேர் குத்தித் தோற்றார்கள்.
நீ பாரேன் பவளக்கொடி, என்றார் சிஸ்டர்.

கிள்ளைக் கழிமுகத்தில் கழுத்தளவு நீரில்
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
சேற்றைத் தடவிப் போவாள் அம்மா. பின்னால் நான்.
கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை.
விரல் நுனியில் ஏதோ மெல்ல எதிர்க்கும்,
அழுத்தினால் நழுவும்.
கல் அப்படிச் செய்யாது, வேரும் செய்யாது.
இறால்.

பாம்பு பிடிக்கத் தெரியுமா என்றவர்
இதைக் கேட்டிருக்கலாம்.

விளக்கைப் பார்க்கவில்லை. கையைப் பார்க்கவில்லை.
முழங்கைக்குக் கீழே, சற்று உள்பக்கம்,
மெல்ல எதிர்த்தது.
நழுவவிடாமல் கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்தேன்.
குழாயில் சிவப்பு எட்டிப் பார்த்தது.

பிளாஸ்டர் ஒட்டும்போது கோதண்டபாணி கேட்டார்,
கை நல்ல கைம்மா. எந்த ஊரு?
கிள்ளைப் பக்கம் ஐயா.
கிள்ளையில் எந்தத் தெரு?

இந்தக் கேள்வியை எனக்குத் தெரியும்.
அது எங்கே தடவுகிறது என்றும் தெரியும்.

கடைசித் தெருவும் தாண்டி ஐயா. கழி ஓரம். இருளர் குடியிருப்பு.

ஒரு நிமிடம் கூரையைப் பார்த்தார்.
கையை இழுத்துக்கொள்ளவில்லை.
இழுத்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்,
மருந்து பாதிதான் ஏறியிருந்தது.

ஒன்பது நாற்பது. மருந்து ஏறியது.
பத்தே முக்கால். மூத்திரம் முந்நூற்றுப் பத்து.
கையொப்பம்: ம. பவளக்கொடி, இரண்டாம் ஆண்டு.
கணக்கு இன்னும் கொஞ்சம் இடிக்கிறது.
விடியும் வரை இருக்கிறேன்.