நானூற்றைம்பது கிராம்

பானெட்டின் உட்பக்கம் ஒட்டிய மஞ்சள் சீட்டில்
நானூற்றைம்பது கிராம் என்று போட்டிருக்கிறது.
ஏழு வருஷம் ஓட்டியும் நான் படிக்காத எழுத்து.
என் வண்டியின் மொத்தக் குளிரும் அவ்வளவுதான்,
அரைக்கிலோ தக்காளிக்கும் குறைவு.

கத்திரி பிறந்து ஆறாம் நாள்
ஜிப்மரிலிருந்து ஒரு பச்சைக் குழந்தையைப்
பாகூருக்கு ஏற்றிப் போனேன்.
ஏசி வாயில் அடுப்படிக் காற்று.
குழந்தையின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை,
டவலால் விசிறிக்கொண்டே வந்தாள்.
இறங்கிய பிறகு அவள் தம்பி
போனில் எனக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டான்.
அக்னி நட்சத்திரத்துக்கு நடுவே
அதுவும் சுட்டது.

அதற்குள் மூன்று கடையில் கேஸ் அடித்திருந்தேன்.
முதல் கடை நாற்பது நாள், அடுத்தது இருபது,
கடைசியாக அடித்தது
வில்லியனூர் தேர் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.
ஓட்டைக் குடத்துக்கு மூன்று கிணறு.

நெல்லித்தோப்பு ஜிலானி மட்டும்
கேஸ் சிலிண்டரைத் தொடவில்லை.
நைட்ரஜன் ஏற்றினான்.
தலைக்குப் போடும் ஷாம்பூவைக் கரைத்து
ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி
மூட்டு மூட்டாக அடித்துக்கொண்டே வந்தான்.
பைப் நல்லது. கம்ப்ரசர் நல்லது.
கண்டென்சரின் இடது கீழ்மூலையில்
கடுகளவு ஒரு குமிழி
ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது.

"ராத்திரி வண்டி எங்கக்கா நிக்கும்?"
"குருசுக்குப்பத்துல. வீட்டெதிர."
"மூஞ்சி கடலப் பாத்தா?"

ஆமாம், பார்த்துத்தான்.
பகலெல்லாம் சிக்னல் சிக்னலாக வெந்ததே,
கொஞ்சம் கடற்காற்று வாங்கட்டும் என்று
நான்தான் திருப்பி நிறுத்துவேன்.
அவன் விரலால் தட்டினான்.
அலுமினியத் தகடுகள்
கருவாட்டு உப்பாக உதிர்ந்தன.

புது கண்டென்சர், டிரையர், நாலு ஓ-ரிங், கூலி:
ஆறாயிரத்து எண்ணூறு.
அமலோற்பவம் என்று எழுத வராமல்
பில்லில் 'அமலா டாக்சி' என்று போட்டான்.
அவன் குறைத்தது
அந்த எழுத்துகளை மட்டும்தான்.

பம்ப் முக்கால் மணி நேரம் இரைந்தது.
குழாய்க்குள் தங்கிய காற்றையும் ஈரத்தையும்
உறிஞ்சித் துப்பிவிட்டு அடங்கியது.
நீல மீட்டரின் முள் பூஜ்யத்துக்குக் கீழே.
என் நகைக்கடனும் அங்கேதான் நிற்கிறது,
எனக்குப் பழகிய இடம்.
"அரை மணி நேரம் முள் அசையக் கூடாதுக்கா"
என்றவன் டீக்குப் போய்விட்டான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
பஸ் ஸ்டாண்டு சவாரி ஒன்று வந்தது, எடுக்கவில்லை.
லாரி போனது. ஷட்டர் அதிர்ந்தது.
முள்ளும் அதிர்ந்ததா, என் கண்ணா?
பிரசவ வார்டு வாசலில்கூட
இப்படி நான் உட்கார்ந்ததில்லை.

அசையவில்லை.

தராசில் சிலிண்டரைக் கவிழ்த்து வைத்தான்.
எண்கள் நகர்ந்தன. நூறு. இருநூற்றுப் பத்து.
நானூற்றைம்பதில் திருகை மூடினான்,
ஒரு கிராம் கூடவில்லை.
இஞ்சின் உறுமியது. கிளட்ச் டக்கென்று ஒட்டியது.
தடித்த குழாய்க்கு வியர்க்கத் தொடங்கியதும்
எனக்கு நின்றது.

இன்றிரவு ரிவர்ஸில் வந்து நிறுத்தினேன்.
முதுகு கடலுக்கு.
முன்னால் எங்கள் வீட்டுச் சுவர், துணிக்கொடி,
மாசக்கணக்கில் எரியாத தெருவிளக்கு.
கடல், பின்பக்கம் காட்டும் கண்ணாடியில்
ஒரு தீப்பெட்டி அளவு.
சவாரி யாருமில்லை. ஜன்னல்களை ஏற்றிவிட்டு
ஐந்து நிமிஷம்
ஏசியை எனக்காக ஓடவிட்டேன்.

இறங்கினால், வண்டிக்கடியில் ஈரம்.
சொட்டு. சொட்டு.
டார்ச்சோடு மண்ணில் மண்டியிட்டுப் பார்த்து,
மணி பதினொன்று என்றும் பாராமல்
ஜிலானிக்குப் போன் போட்டேன்.
தூக்கக் குரலில் சிரித்தான்:
"அது தண்ணிக்கா.
அது ஒழுகணும்."