நான்காம் மேஜை, இடது முழங்கால்

சயான் ஆஸ்பத்திரி. ஃபார்மலின் கண்ணில் ஏறுகிறது.
தோலை விலக்கினால் முதலில் தையல்காரத் தசை.
பெயர் கேட்டு நஸ்ரீன் சிரித்தாள்:
தாராவியில் அவள் அப்பா
காலை மடக்கி உட்கார்வதே இல்லை, மோட்டார் மிஷின்.

மூன்று தசைநாண்கள் கூடி ஒரு வாத்துப் பாதம்.
அதனடியில் துளி வழவழப்போடு ஒரு பை.
அதற்கும் அடியில்
உள்பக்கத் தசைநார், ஈர நாடா,
குருத்தெலும்புப் பிறையை
இன்னும் விடாமல் பிடித்தபடி.

நாடாவில் ஒரு தடிப்பு.
கிழிந்து
தானாகவே ஒட்டிக்கொண்டது.
ஓடுகிற லோக்கலிலிருந்து குதித்தீரா?
எத்தனை மாதம் நொண்டினீர்?
சம்பளம் பிடித்தார்களா?
மேஜைக்கு எண் மட்டும்தான்.

இரவு ஹாஸ்டலில் ஒருக்களித்துப் படுக்கிறேன்.
முட்டிகளுக்கு நடுவே எப்போதும் வைக்கும் தலையணையை
இன்று உருவிப் போட்டேன்.
உள்பக்கமும் உள்பக்கமும் தொட்டுக்கொண்டன,
சூடாக.