சந்தா பாக்கி இல்லை

யங்ஸ்டவுனில் அப்போது இசைக்காரர்களுக்கு இரண்டு சங்கம்.
நான் கணக்கெழுதியது கறுப்பர் சங்கத்தில்.
க்ளியோஃபஸ் டாரன்ட்டை எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஒரு மஞ்சள் அட்டை அளவுக்குத்தான்.

வாத்தியம்: பாஞ்சோ.
அதை அடித்துவிட்டு, மேலே கிதார்.
நாற்பத்தாறில், பென்சிலில், வேறு யாரோ கையெழுத்தில்
‘மின்சாரம்.’

மின்சாரத்துக்கு முன்னால் பதினான்கு பேர் குழு.
ட்ரம்பெட்டுகளின் முதுகுக்குப் பின்னே உட்கார்ந்து
சுற்றுக்கு நாலு தட்டு, விடிய விடிய.
மைக் கிடையாது, யார் காதிலும் விழாது.
ஒரு ராத்திரி தந்தி அறுந்து
அவர் கை நின்றதும்
ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள்
அடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்களாம்.
அன்றைக்குத்தான் முதலாளி அவர் பெயரைக் கேட்டாராம்.
சொன்னது டிரம்மர் ஓடெல் ஸ்விண்ட்;
பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

முகவரி ஐந்து. நாலு அடிக்கப்பட்டவை.
ஒவ்வொன்றும் முந்தையதைவிட
உருக்காலைக்குக் கொஞ்சம் பக்கத்தில்.

நேரில் வந்தது ஒரே தடவை, அறுபத்தொன்றில்,
கக்கத்தில் ஒரு இசைத்தட்டு.
வாழ்நாளில் போட்டது அது ஒன்றுதான்.
உறையில் ‘க்ளியோ டோரன்ஸ்’ என்றிருந்தது.
கம்பெனிக்குக் கடிதம் அடிக்கச் சொன்னார்.
நான் அடிக்க அடிக்க
மேசை விளிம்பில் அவர் இடது கை
எதையோ அழுத்தி அழுத்தி விட்டது.
கோபமென்று நினைத்தேன்.
‘மிஸ் லவினியா,
மூன்றாவது தட்டில் முந்துகிறீர்கள்’ என்றார்.

கம்பெனியிடமிருந்து பதில் இல்லை.

அறுபத்தெட்டில் இரண்டு சங்கமும் ஒன்றாயிற்று.
அட்டைப் பெட்டியோடு நானும் ஊருக்கு நடுவே குடிபோனேன்.
முப்பத்தொன்றாய் இருந்தவர்
ஆயிரத்து இருநூற்று நாலானார்.
ஏன் என்று கேட்கவில்லை. பணம் வந்தது.

எழுபத்தேழில் ஆலை மூடிய மாதமும்
வந்தது, சில்லறையாக.
விரல் முட்டிகள் வீங்கி
மெல்லிய தந்திகள் இரண்டைக் கழற்றிவிட்டாரென்று
கேள்விப்பட்ட வருடமும் வந்தது.

எண்பத்து மூன்று, ஜனவரி.
அடக்கம் முடிந்து நாலாம் நாள் ஒரு உறை.
வருடம் முழுமைக்கும் மணி ஆர்டர்.
விதிப்படி திருப்பியனுப்ப வேண்டும்.
யாருக்கு?
ஐந்தாவது முகவரியை அடிக்க
எனக்கு மனம் வரவில்லை.

ரசீது அடித்தேன், மெதுவாக.
மூன்றாவதில் எப்போதும்போல முந்திவிட்டேன்.
தாளை உருவி எறிந்து
வேறு தாள் சொருகினேன்.